இறாலும் முட்டையும் இல்லாத மொய்மொய்: இபாதான் சமையலறையில் எழுதிய செய்முறைக் குறிப்பு

மொய்மொய் என்பது தென்மேற்கு நைஜீரியாவில் வாழும் யொருபா மக்களின் உணவு. காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, சிவப்பு மிளகாயுடனும் வெங்காயத்துடனும் நைய அரைத்து, எண்ணெய் கலந்து, இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்தால் கிடைக்கும் மிருதுவான செம்மஞ்சள் நிறக் கட்டியே அது. இன்று நாடு முழுவதும் பரவிவிட்ட அந்த உணவு, திருமண விருந்தில் தக்காளியும் மிளகாயும் சேர்த்துச் சமைக்கும் ஜொலோஃப் சோற்றுக்குப் பக்கத்திலும், வார இறுதிக் காலைகளில் ஓகி எனப்படும் புளித்த சோளக் கூழுக்குத் துணையாகவும் தட்டில் வந்து அமர்கிறது. அடிமைகளாக அட்லாண்டிக்குக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்ட யொருபா மக்களின் வழித்தோன்றல்கள், பிரேசிலின் பாஹியாவில் இதையே அபரா என்ற பெயரில் வாழையிலையில் பொதிந்து இன்றும் விற்கிறார்கள்.

காராமணிதான் அடிப்படை என்பதால் இது இயல்பாகவே சைவ உணவு என்று வெளியூர்க்காரர்கள் எண்ணிவிடுவது உண்டு. யொருபா நகரமான இபாதானில் குடியிருந்து பார்த்தால் நிலைமை வேறு. வீடுகளில் செய்யும் மொய்மொய்யில் பொடித்த உலர் இறால் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். அரைத்த மாவைத் தளர்த்துவதற்குத் தண்ணீருக்குப் பதிலாக இறைச்சி வேகவைத்த சாற்றை ஊற்றுவார்கள். உள்ளே அவித்த முட்டைத் துண்டும், உதிர்த்த கானாங்கெளுத்தி மீனும், சில வீடுகளில் டின்னில் அடைத்த மாட்டிறைச்சியும் வைப்பார்கள். இப்படிப் பல பொருள்கள் நிறைந்த மொய்மொய்க்கு, ஏழு உயிர் கொண்டது என்னும் பொருளில் 'எலெமி மேஜே' என்று பெருமையான பெயர்கூட உண்டு. சமையலில் கரைத்துச் சேர்ப்பதற்குக் கடைகளில் கிடைக்கும் சுவைக்கட்டிகளிலும் கோழிச் சுவையோ இறால் சுவையோ சேர்ந்தவை பல இருப்பதால், உறையைத் திருப்பிப் படிக்காமல் எதையும் நம்புவதற்கில்லை.

விலங்குப் பொருள் எதையும் உண்ணாத எனக்கு, இவற்றையெல்லாம் நீக்கிய பிறகும் இது மொய்மொய்யாகவே நிற்குமா என்பதைச் செய்துபார்த்தே தீர வேண்டியிருந்தது. நீக்கும் ஒவ்வொரு பொருளும் இதுவரை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். முட்டையும் மீனும் பெரும்பாலும் உள்ளீடுகளே. அவை கட்டியைப் பிடித்து வைப்பதில்லை. சிலர் மாவிலேயே பச்சை முட்டையை உடைத்து ஊற்றுவார்கள் என்றாலும், அது மென்மைக்காகச் செய்யப்படும் கூடுதல் அலங்காரமே தவிர, முட்டை இல்லாவிட்டால் உணவு உதிர்ந்துவிடும் என்பதில்லை. இதற்குச் சான்று யொருபா சமையலிலேயே இருக்கிறது. எகூரு எனப்படும் வெள்ளைக் கட்டியில் காராமணி மாவைத் தவிர வேறெதுவும் கிடையாது. அதை நன்றாக அடித்துக் காற்றேற்றி இலையில் வேகவைத்து, அத்தா டின்டின் எனப்படும் வதக்கிய மிளகாய்த் தொக்குடன் பிசைந்து சாப்பிடுவார்கள். கிழக்கே எனுகு பகுதியில் இக்போ மக்கள் பம்பாரா நிலக்கடலை மாவில் செம்பனை எண்ணெயும் மிளகாயும் உப்பும் கலந்து வேகவைக்கும் ஒக்பாவும் அப்படித்தான். முட்டையே படாத இந்த இரண்டும் நாள்தோறும் உருக்குலையாமல் விற்பனையாகின்றன. ஆகவே கட்டிப்படுதல் என்பது பயறின் சொந்தத் திறமை. காராமணியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. சூட்டில் மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பருக்க, புரதம் இறுகி வலைபோல் பிடிக்க, கட்டி உருவாகிவிடுகிறது. உண்மையில் இழப்பு நேர்வது சுவையில்தான். இறால் பொடியும் இறைச்சிச் சாறும் போன இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்கான பொருள் இதே சந்தையில் இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பயறு வாங்குவதற்குப் போதிஜா சந்தைக்குச் சென்றேன். வடக்கிலிருந்து லாரிகளில் வந்து இறங்கும் காராமணி அங்கே கோங்கோ என்னும் அளவுப் பாத்திரத்தில் அளந்து விற்கப்படுகிறது. வெள்ளை நிறத்தில் கறுப்புக் கண் கொண்ட வகையும், ஒலோயின் எனப்படும் பழுப்பு நிறத் தேன் காராமணியும் மொய்மொய்க்கு ஏற்றவை. இறைச்சிச் சாறு இல்லாத செய்முறையில் பயறின் சொந்த இனிப்பு முன்னுக்கு வருவது நல்லது என்பதால் நான் ஒலோயினையே எடுத்தேன். (இந்த நகரத்தில் பயறைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு தனி உரிமை உண்டு. 1967-இல் இங்கே நிறுவப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை ஆய்வு நிறுவனத்தின் விதை வங்கியில்தான் உலகின் மிகப் பெரிய காராமணிச் சேகரிப்பு இருக்கிறது.) வாங்கும்போது கையில் அள்ளி உற்றுப் பார்க்க வேண்டும். வண்டு துளைத்த பயறு அரைத்தாலும் கசப்பை விடாது. வண்டே இல்லாமல் பளபளப்பாக, மருந்து நெடியடிக்கும் மூட்டையையும் தவிர்க்க வேண்டும். டைக்குளோர்வாஸ் என்னும் பூச்சிக்கொல்லியின் எச்சம் மிகுதியாக இருந்ததால், 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் நைஜீரிய உலர் பயறின் இறக்குமதியை நிறுத்தியது. காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகளில் மருந்தே இல்லாமல் சேமித்த பயறு கிடைக்குமானால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது அதையே வாங்குவேன்.

தோல் நீக்குவதே இந்த வேலையின் பெரும்பகுதி. 500 கிராம் பயறைத் தண்ணீரில் கால் மணி நேரத்துக்கும் குறைவாகவே ஊறவைக்க வேண்டும். தோல் நீர் குடித்துச் சுருங்கி, பருப்பு இன்னும் கெட்டியாக இருக்கும் அந்த இடைவேளையில்தான் இரண்டும் எளிதாகப் பிரிகின்றன. அதிகம் ஊறிவிட்டால் பருப்பும் தோலும் சேர்ந்தே உடையும். உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் தேய்க்கலாம். அல்லது மிக்ஸியில் நிறையத் தண்ணீருடன் போட்டு, ஓரிரு நொடிகள் மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி உடைக்கலாம். பிறகு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் தோல்கள் மிதந்து வரும். வடிகட்டியில் அவற்றை இறுத்துவிட்டு மீண்டும் தேய்த்து மீண்டும் இறுக்க, நீர் தெளியும்வரை இது தொடரும். நேரம் மிச்சமாகும் என்று தோலோடு அரைத்த ஒரு சிறு பங்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேகவைத்தேன். அது மங்கிய சாம்பல் நிறத்தில், நாக்கில் மணல் படுவதைப்போல, கத்தி பட்டதும் பிளந்துகொண்டது. தோலின் துணுக்குகள் புரத வலையின் குறுக்கே நின்று அதைத் தொடர விடுவதில்லை. முட்டையின் உதவி இல்லாத கட்டிக்கு அந்த இடையூறு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. எனவே வழக்கமான செய்முறையில் பத்துப் பதினைந்து தோல்கள் தங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம், இதில் கூடாது என்பது என் முடிவு. கறுப்புக் கண்களின் துணுக்குகள் சில எஞ்சினால் மட்டும் கவலையில்லை.

தோல் நீக்கிய பருப்பை இரண்டு மூன்று மணி நேரம் மறுபடியும் ஊறவைத்தபின் அரைக்க வேண்டும். இபாதானின் தெருக்களில் எஞ்சின் பூட்டிய அரவை இயந்திரங்கள் இருக்கின்றன. பெரும்பாலான வீட்டினர் அங்கேதான் அரைத்து வருவார்கள். மாவு வெண்ணெயாக இறங்கும் என்பது உண்மைதான் என்றாலும், எனக்கு முன்னால் நின்றவர் அதில் என்ன அரைத்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆகவே வீட்டு மிக்ஸியிலேயே சிறு சிறு பங்குகளாக அரைத்தேன். பருப்புடன் ததாஷே எனப்படும் நீண்ட சிவப்புக் குடைமிளகாய் 250 கிராம், ஒரு பெரிய வெங்காயம், காரத்துக்கு அத்தா ரோடோ மிளகாய் ஒன்றிரண்டு ஆகியவற்றைச் சேர்த்து அரைக்க வேண்டும். விரல்களுக்கிடையே தேய்த்தால் குருணை எதுவும் தட்டுப்படக் கூடாது. மிளகாயும் வெங்காயமும் தாமே நிறைய நீர் விடும் என்பதால், அரைக்கும்போது மிக்ஸி சுழலுவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது நல்லது. நீரின் கணக்கைக் கலக்கும் கட்டத்துக்கு ஒதுக்கி வைத்தால்தான் பதம் நம் கையில் இருக்கும்.

முட்டை இல்லாத உணவுகளுக்கான பொதுவான அறிவுரைகளில், ஊறவைத்த ஆளி விதையோ சோள மாவோ சேர்க்கச் சொல்வதுண்டு. அதையும் விட்டுவைக்கவில்லை. ஒரே மாவைப் பிரித்து, ஒரு பங்கில் ஆளி விதை விழுது, ஒரு பங்கில் சோள மாவு, ஒரு பங்கில் எதுவும் இல்லாமல், ஒரே பானையில் சிறு கிண்ணங்களில் வேகவைத்தேன். சோள மாவு சேர்ந்தது வழவழவென்று மின்னியது; ஆனால் கடிக்கும்போது ரப்பர் போல் எதிர்த்தது; ஆறியபின் இன்னும் இறுகிப்போனது. ஆளி விதை சேர்ந்தது ஈரமாகவும் கொழகொழப்பாகவும் இருந்து, மிளகாயின் வாசனையையும் மட்டுப்படுத்தியது. எதுவும் சேர்க்காததுதான் வாயில் கரைந்தது. ஏற்கெனவே முழுமையாக வேலை செய்யும் ஒரு பயறுக்கு ஊன்றுகோல் கொடுப்பது தேவையற்றது மட்டுமன்று, கெடுதலும் ஆகும்.

பதம் கெடுவதற்கு உண்மையான காரணம் வேறிடத்தில் இருக்கிறது. அரைத்த மாவைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் பயறின் துகள்கள் அடியில் படிந்து, நீரும் எண்ணெயும் மேலே தங்கிவிடும். அப்படியே வேகவைத்தால் அடிப்பகுதி கல்லாகவும் மேற்பகுதி தண்ணீர்க் கூழாகவும் இரண்டு அடுக்காக வெந்து வரும். முட்டை உடைத்து ஊற்றும் வீடுகளில் இது அவ்வளவாகத் தெரிவதில்லை. முட்டை இல்லாதபோது எண்ணெயையும் நீரையும் பிணைக்கும் வேலையைப் பயறுப் புரதமே செய்ய வேண்டும். அதற்கு நாம் செய்யக்கூடிய உதவி அடிப்பதுதான். எனவே எகூருவுக்குச் செய்வதைப்போல, மாவை மரக்கரண்டியால் ஒரே திசையில் ஐந்து நிமிடம் நன்றாக அடித்துக்கொண்டு, எண்ணெயைச் சிறு தாரையாக ஊற்றி, பிறகு வெதுவெதுப்பான காளான் சாற்றைச் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) சிறிது சிறிதாகச் சேர்த்தேன். குளிர்ந்த நீரைவிட வெதுவெதுப்பான சாறு எண்ணெயுடன் எளிதாகக் கலக்கிறது. முடிவில் மாவு கரண்டியிலிருந்து தோசை மாவைவிடச் சற்று நீர்க்கத் தடையின்றி விழ வேண்டும். ஒவ்வொரு இலைக்கும் ஊற்றுவதற்கு முன்னால் அடிவரை துழாவிக் கொள்வது கட்டாயம்.

இனிச் சுவைக்கு வருகிறேன். இறால் பொடியின் இடத்தில் நான் நிறுத்தியது இரூ. மேற்கு ஆப்பிரிக்கச் சவன்னாவில் சிவந்த பந்துகளாகப் பூக்கள் தொங்கும் பார்க்கியா மரத்தின் விதைகளைப் பல மணி நேரம் வேகவைத்து, தோல் நீக்கிக் கழுவி, மறுபடியும் வேகவைத்து, இலையிட்ட கூடையில் மூடிச் சூடாக வைத்திருந்து இரண்டு மூன்று நாள்கள் நொதிக்கவிட்டு இதைச் செய்கிறார்கள். ஹௌசா மக்கள் இதைத் தவதவா என்பார்கள். பாசில்லஸ் என்னும் நுண்ணுயிர் விதையின் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைப்பதால், அதில் குளூட்டமேட் நிறைந்துவிடுகிறது. இறைச்சிச் சாற்றிலும் உலர் இறாலிலும் நாக்கு தேடும் அந்த ஆழ்ந்த சுவைக்குக் காரணமான பொருள்களுள் முதன்மையானது இதுவே. இந்த நொதித்தலில் அம்மோனியாவும் வெளிப்படுவதால் பச்சை இரூவின் நெடி கடுமையானது; புதியவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதில் வியப்பில்லை. விதை விதையாகக் கிடைக்கும் இரூ வொரோ, மசிந்த இரூ பெத்தே என இரண்டு வடிவங்களில் சந்தையில் கிடைக்கிறது. எனக்கு வொரோ பிடித்தது. மண் துகள்களைக் கழுவி நீக்க அதுதான் வசதி. இரண்டு மேசைக்கரண்டி இரூவைக் கழுவி இடித்து, எண்ணெயில் நறுக்கிய வெங்காயத்துடன் மெல்லிய தீயில் வதக்கினால், நெடி அடங்கி, வறுத்த பருப்பை நினைவூட்டும் ஒரு மணம் எழும். அந்த நிலையில் எண்ணெயுடன் சேர்த்தே மாவில் கலந்துவிட வேண்டும்.

இரூ தனியாக நின்றால் சுவை சற்று ஒற்றைத் தடத்தில் ஓடுவதைப்போல் இருந்தது. உலர் இறாலில் குளூட்டமேட்டுடன் நியூக்ளியோடைடு வகைப் பொருள்களும் உண்டு. இரண்டும் சேரும்போதுதான் சுவை பன்மடங்காகிறது. தாவரத் தட்டில் அந்த இரண்டாவது பொருளைத் தருவது காளான். உலர்ந்த சிப்பிக் காளான் 20 கிராம் எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, அதே நீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடித்த சாற்றை இறைச்சிச் சாற்றின் இடத்தில் பயன்படுத்தினேன். 500 கிராம் பயறுக்கு, அரைக்க ஊற்றியதையும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 550 மில்லி நீர்மம் பிடித்தது. வெந்த காளானை நறுக்கி உப்புச் சேர்த்து வறுத்து உள்ளீட்டுக்கு வைத்துக்கொண்டேன். மாவில் கல்லுப்பு இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டியிருந்தது. சுவைக்கட்டி இல்லாத மொய்மொய் உப்பில்லாததைப்போல் தோன்றுவது இயல்பு.

புகையின் மணம்தான் எஞ்சியிருந்த குறை. புகையூட்டிய கெளிற்று மீன் சேர்க்கும் வீடுகளில் அந்த மணமே மொய்மொய்யின் அடையாளம். இதற்காக ததாஷேயில் பாதியைக் கரி அடுப்பில் தோல் கருகும்வரை சுட்டு, கருகிய தோலை முழுவதும் உரிக்காமல் சிறிது விட்டு அரைத்தேன். எண்ணெயிலும் மூன்றில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயாகவும் மீதி கடலை எண்ணெயாகவும் மொத்தம் 120 மில்லி எடுத்தேன். முழுவதும் செம்பனை எண்ணெய் ஊற்றினால் ஒக்பாவின் சாயல் வந்துவிடுகிறது. சிறிதும் இல்லாவிட்டால் நிறமும் செறிவும் குறைகின்றன. பாட்டிலில் விற்கும் புகைச் சாரத்தை நான் தொடவில்லை. கரி அடுப்பு இருக்கும் ஊரில் அது எதற்கு?

இலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எவே எரான் எனப்படும் அகன்ற இலைதான் மொய்மொய்க்கு உரியது. தௌமட்டோகாக்கஸ் என்னும் அந்தச் செடியின் பழத்திலிருந்துதான், சர்க்கரையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இனிக்கும் தௌமட்டின் என்ற புரதம் எடுக்கப்படுகிறது. ஆனால் இபாதான் சந்தைகளில் பழத்தைக் கேட்பவர்கள் குறைவு, இலைக்கட்டுகளுக்குத்தான் விலை. இப்போது பல வீடுகளில் நைலான் பையிலும், அலுமினியக் கிண்ணத்திலும், பிளாஸ்டிக் டப்பாவிலும் வேகவைக்கிறார்கள். வசதி என்பதைத் தவிர அவற்றுக்குச் சிறப்பு எதுவும் இல்லை. சூட்டில் நைலானிலிருந்து என்னென்ன இறங்கும் என்ற கவலை ஒருபுறம் இருக்கட்டும். இறாலும் இறைச்சியும் இல்லாத மாவுக்கு இலை தரும் பச்சை மணம் ஒரு மசாலாவுக்குச் சமம். அலங்காரம் நிறைந்த எலெமி மேஜேவில் அந்த மணம் புதைந்துபோகும். இதிலோ அது முன்வரிசையில் நிற்கிறது.

இலைகளை இருபுறமும் துடைத்து, முதுகு நரம்பைச் சீவி, நெருப்பில் ஒரு நொடி வாட்டினால் வளைக்கும்போது கிழியாது. இரண்டு இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கூம்பாகச் சுருட்டி, அடிமுனையைப் பின்பக்கமாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றரைக் கரண்டி மாவு ஊற்றி, உள்ளீட்டை வைத்து, மேல்பாகத்தை மடித்த முனையின் பக்கமாகவே திருப்பி மூட வேண்டும். எழுத்தில் படிக்க எளிதாகத் தெரிந்தாலும், மாவு ஒழுகாமல் மடிக்க விரல்களுக்குப் பழக்கம் வேண்டும். அண்டை வீட்டு அம்மா ஒருவர் பேசிக்கொண்டே நான் ஒன்று மடிப்பதற்குள் நான்கு மடித்து வைத்தார். உள்ளீடாக, வறுத்த காளானுடன் அவாராவையும் வைத்தேன். வடநைஜீரியாவில் சோயாப் பாலைத் திரித்து அழுத்தி, துண்டுகளாக்கிப் பொரித்து விற்கும் அந்தக் கட்டி, அவித்த முட்டை இருந்த இடத்தில் மிகப் பொருத்தமாக அமர்ந்தது. முட்டையைப்போல் நடிக்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

பானையின் அடியில் இலைக்காம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அவை மூழ்காத அளவு தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டபின், பொதிகளை ஒன்றையொன்று தாங்குமாறு அடுக்கினேன். தண்ணீர் ஆறியிருக்கும்போது அடுக்கினால், மாவு இறுகுவதற்கு முன்பே மேலே சொன்ன அடுக்குப் பிரிதல் தொடங்கிவிடும். மீந்த இலைகளால் மூடி, இறுக்கமான மூடி போட்டு, நடுத்தரத் தீயில் ஒரு மணி நேரம் வேகவைத்தேன். தண்ணீர் குறைந்தால் கொதிநீரையே ஓரமாக ஊற்ற வேண்டும். ஒரு பொதியைப் பிரித்துக் கத்தியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்; நடுவில் வெளிறிய ஈரத் திட்டு இருந்தால் இன்னும் பத்து நிமிடம். அடுப்பிலிருந்து இறக்கியதும் அது சற்றுத் தளதளப்பாகவே இருக்கும். அதைக் கண்டு மீண்டும் அடுப்பில் ஏற்றக் கூடாது. கால் மணி நேரம் ஆறினால் தானே இறுகி, இலையிலிருந்து நரம்புக் கோடுகளின் பதிவுடன் கழன்று வரும்.

அண்டை வீட்டு அம்மாவின் தீர்ப்பு இரண்டாகப் பிளந்திருந்தது. பதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, முட்டை ஊற்றியதைவிட மென்மை என்றார். இரூவின் சுவை மட்டும் தம் சிறுவயதுக் கிராமத்தை ஞாபகப்படுத்துவதாகவும், நகரத்து விருந்தில் வைத்தால் இளையவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றும் சொன்னார். அதனால் விருந்துக்குச் செய்யும்போது இரூவை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்துக் காளானைக் கூட்டுகிறேன். வீட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டியே. மீந்தவற்றை இலையோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்குகிறது. மறுநாள் இலை பிரித்து விரல் கனத்துக்கு நறுக்கி, சிறிது எண்ணெயில் இருபுறமும் சிவக்க வாட்டினால் ஓகிக்கு அது இன்னும் நல்ல துணை. உறைநிலையில் வைப்பதானால் அவாரா உள்ளீட்டைத் தவிர்த்துவிட வேண்டும். உருகும்போது அது நீர்விட்டுச் சுற்றியிருக்கும் கட்டியையும் நனைத்துவிடுகிறது.